திறப்பு இருக்கட்டும்

வாசுதேவன் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்த முதல் கிழமையிலேயே நான் அவருக்கு ஒரு சட்டம் போட்டேன். என்னோடு பேசும்போது தமிழ் மட்டும்தான் பேச வேண்டும். ஒரு ஆங்கிலச் சொல் வாய் தவறி வந்தாலும் அன்று மாலை கோப்பி இயந்திரத்தின் பால் குழாயை அவர்தான் கழுவ வேண்டும். அந்தக் குழாயை மோந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்னத் தண்டனை இல்லை. ஐந்து கிழமை தொடர்ந்து அவரே கழுவினார்.

சட்டம் போட நீ யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இருந்தது. நான் இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்களுக்கு இந்தப் பீலெஃபெல்டில் பிறந்தவள். சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் நீந்தப் போக, நான் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்து, கடைசிப் பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள். அந்தக் கிண்ணம் இன்னும் அம்மாவின் கண்ணாடி அலுமாரியில் தூசி தட்டப்பட்டு நிற்கிறது. இப்படிப்பட்டவளுக்கு முன்னால், விருதுநகரில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் வந்து, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி செக் பண்ணிட்டேன் என்று சொன்னால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? அதில் தமிழுக்கு மிஞ்சியது அந்த 'ஐ'யும் இரண்டு 'பண்ணி'யும்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர், எதற்கும் சிரிப்பார்.

ஒருமுறை மட்டும் திருப்பிக் கேட்டார். நான் நிமிடத்துக்கு ஒரு தடவை டெர்மின், டிக்கெட், அன்ட்ராக் என்கிறேனே, அதெல்லாம் எந்த ஊர்த் தமிழ் என்று. அது வேறை என்றேன். எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வயதில் அவர் என்னைவிட நான்கு ஆண்டு மூத்தவர். சென்னையில் பன்னிரண்டு வருடம் தரவுத்தளங்களோடு மாரடித்தவர். என்னைவிட அவருக்கு வேலை கூடுதலாகத் தெரியும். அது எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் வினைச்சொல் வந்து சேர்வதற்குள் கேட்பவருக்குப் பசி வந்துவிடும். என் ஆங்கிலமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆகவே நான்தான் அவருக்கு நிறுவனத்தின் வாய், நிறுவனத்துக்கு அவருடைய காது. எங்களுடையது பீலெஃபெல்டின் பிறாக்வேடேப் பகுதியில் ஒரு தளபாடக் கடைக்குப் பின்னால் பதினான்கு பேர் இருக்கும் சின்ன நிறுவனம். குளிரறைகளின் வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்து வைக்கும் பெட்டிகளைச் செய்து விற்கிறோம். முதலாளி யூலியா. எழுதாதது நடக்காதது என்பாள். எந்த வேலைக் கட்டளையும் டொச்சில், எழுத்தில், கணினியில் டிக்கெட் என்கிற வேலைச் சீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். என் சட்டத்தை நான் கட்டிக் காத்த அளவுக்கு அவள் சட்டத்தை நான் காக்கவில்லை.

இந்தக் கதை நடந்த கிழமை வாசுதேவனுக்குப் பரீட்சைக் காலத்தின் கடைசிக்கு முந்திய கிழமை. இங்கே அதைப் புரோபெட்சைட் என்பார்கள். ஆறு மாதம், அதற்குள் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். அதைத் தாண்டிவிட்டால் அனுப்புவது லேசில்லை. அவருடைய விசா இந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்தான் மனைவியும் மகளும் வந்து சேர்ந்திருந்தார்கள். மகள் மூன்றாம் வகுப்பில், ஒரு சொல் டொச் தெரியாமல் போய் உட்கார்ந்து, இப்போதுதான் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். அந்தச் சிநேகிதியின் பெயரை வாசுதேவன் என்னிடம் மூன்று நாள் தொடர்ந்து சொன்னார். மிச்சமிருந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் எப்படியாவது கடந்து போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பிரார்த்தனை இருக்கவில்லை.

வேலை இதுதான். டெட்மோல்ட் பக்கத்தில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் குளிரறையில் எங்கள் பெட்டி ஒன்று நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் தரவுத்தளம் தனியாக நிற்கவில்லை. எங்கள் நிரலுக்குள்ளேயே அது குடியிருந்தது. நிரல் எழுந்தால் அதுவும் எழும், நிரல் படுத்தால் அதுவும் படுக்கும். வெளியே இருந்து எவரும் அதைத் தொட முடியாது. தொட முடியாத பொருளுக்கு எதற்குப் பூட்டு என்று அதைச் செய்த காலத்தில் யாரும் கடவுச்சொல்கூட வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் நேரில் போய்ப் பதிவுகளை எடுத்துவருவார். இப்போது வாடிக்கையாளர் அந்தப் பதிவுகளைத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்றார்.

அதற்கு நிரலுக்குள் குடியிருப்பதைக் கொஞ்சம் வெளித் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் அதைச் சேவையகமாக எழுப்ப வேண்டும். பிறகு வெளியே ஒரு வாசலைத் திறந்து, தரவு வருகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். போர்ட் என்று வாசுதேவன் சொல்லி ஒரு நாள் குழாய் கழுவியதிலிருந்து எங்கள் இருவருக்கும் அது வாசல்தான். பரிசோதனை முடிந்ததும் வாசலை அடைத்துவிட்டு, எங்கள் அலுவலகக் கணினியை மட்டும் அடையாளம் கண்டு மறைவழியாக உள்ளே விடும் ஒரு கோப்பைப் பெட்டியில் வைக்க வேண்டும். இதைப் படிப்படியாக டிக்கெட்டில் எழுத எனக்கு அரை மணித்தியாலம் வேண்டும். தமிழில் சொன்னால் இரண்டு நிமிடம். நான் டிக்கெட்டில் ஒரு வரி எழுதினேன்: தூர அணுகல் அமைக்கவும், வேணுஜாவிடம் கேட்கவும். வேணுஜா நான்தான். மிச்சத்தை அவர் அங்கிருந்து கேட்கும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் ரயிலும் பஸ்ஸும் மாறி டெட்மோல்ட் போனார். நான் அம்மாவோடு கண் டொக்டரிடம் டெர்மினுக்குப் போயிருந்தேன். அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த மனுஷி தெரிந்தவர் போல இருக்கிறாரே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் வாசுதேவன் தொலைபேசி எடுத்தார். சேவையகம் எழும்பிவிட்டது, வாசலும் சரி, தன் தொலைபேசியிலிருந்தே வெப்பநிலை வரைபடம் தெரிகிறது என்றார். எல்லாம் சுத்தத் தமிழில். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்ப திறப்புப் போட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"திறப்பா? ஆமா, போட்டாச்சு. வேலை செய்யுது."

"அப்ப திறப்பு அப்பிடியே இருக்கட்டும். நீங்கள் வெளிக்கிடுங்கோ, அண்ணை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "திறப்பு இருக்கட்டுமா? ராத்திரியும்?"

"ஓம். திறப்பு இல்லாட்டி நான் எப்பிடி உள்ளுக்கை போறது?"

"அதுக்கில்ல வேணுஜா. நாளைக்கும் அப்படியே இருக்கட்டுமான்னு…"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காத்திருப்போர் அறையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். "எப்பவும் இருக்கட்டும் அண்ணை. என்ன, தமிழ் விளங்கேல்லையோ? இங்கிலீசிலை சொல்லட்டோ?"

"இல்ல இல்ல. புரிஞ்சுது," என்றார்.

தொலைபேசியை வைத்தேன். அந்த உரையாடலில் எந்தப் பிழையும் எனக்குத் தெரியவில்லை. ஒரே பெட்டியைப் பற்றி இரண்டு பேர் ஒரே சொல்லால் பேசி, ஒரே முடிவுக்கு வந்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து பார்த்தேன். குளிரறையின் வரைபடம் திரையில் அழகாக ஓடியது. ஐந்து பாகை, ஐந்தரை, ஐந்து. அது எந்த வழியால் வருகிறது என்று பார்க்க எனக்கு இன்னும் ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடினேன்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு டெட்மோல்டிலிருந்து அழைப்பு வந்தது. பதிவுகள் எதுவும் இல்லை என்றார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அட்டவணைகள் அத்தனையும் அழிக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம் மட்டும் இருந்தது. மனிதர் எவரும் உட்கார்ந்து செய்ததல்ல. உலகம் முழுவதும் திறந்து கிடக்கும் வாசல்களைத் தேடித் திரியும் ஏதோ ஒரு நிரல் சனிக்கிழமை மாலை இந்த வாசலையும் தட்டியிருக்கிறது. கடவுச்சொல்லும் இல்லை, கேட்பாரும் இல்லை.

வாசுதேவன் எடுத்துவந்த, வியாழன் வரைக்குமான பிரதி எங்களிடம் இருந்தது. ஆனால் வெள்ளி காலை அந்தக் குளிரறைக்குள் ஒன்பது சரக்குப் பலகை நிறைய இன்சுலினும் தடுப்பூசியும் வந்து இறங்கியிருந்தன. அவை கெட்டுப்போகவில்லை. அறை முழு நேரமும் குளிராகத்தான் இருந்தது. ஆனால் குளிராக இருந்தது என்று காட்ட ஒரு தாள் இல்லை. தாள் இல்லாத மருந்து இந்த நாட்டில் மருந்து இல்லை. ஒன்பது பலகைச் சரக்கையும் எரிக்கக் கொடுத்தார்கள்.

யூலியா எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடும் ஆள் இல்லை, அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம். வாசலைத் திறந்துவைத்தது யார் என்று கேட்டாள். வாசுதேவன் உடனே, நான் என்றார். ஏன் அடைக்கவில்லை என்று கேட்டாள். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். வாடிக்கையாளர் புதன்கிழமை மதியத்துக்குள் எழுத்தில் காரணம் கேட்டிருக்கிறார் என்றாள் யூலியா. காரணத்தோடு, அந்தக் காரணத்தை நாங்கள் என்ன செய்தோம் என்றும் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் வாசுதேவனைப் பார்க்கவில்லை. அவரை அனுப்பிவிடப் போகிறாள் என்பது பார்க்காமல் விட்டதிலேயே விளங்கிவிட்டது.

படிக்கட்டுக்கு வந்ததும் நான் அவர்மேல் பாய்ந்தேன். எனக்கு வந்தது உண்மையான கோபம். ஒரு சின்னக் கோப்பு, அதை வைத்துவிட்டு வாசலை அடைக்க வேண்டும், அதைச் செய்யாமல் செய்தேன் என்று தொலைபேசியில் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்கதானே இருக்கட்டும்னு சொன்னீங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன். எப்பவும் இருக்கட்டும்னீங்க."

"ஓம், திறப்பு இருக்கட்டும் எண்டுதானே சொன்னனான்!"

"அதான் இருந்துச்சே! திறந்தபடியேதான் இருந்துச்சு!"

கீழே யாரோ தபால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல, திறப்பு என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். திறந்திருப்பது, திறந்த வாசல், கடை திறப்பு விழா என்கிறோமே அந்தத் திறப்பு என்றார். நான் என் காற்சட்டைப் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது என்ன?"

"சாவி," என்றார்.

பள்ளிக்கூடம் போன நாட்களில் அது என் கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கும். அம்மாவும் அப்பாவும் விடியப்புறமே துப்புரவு வேலைக்குப் போய்விடுவார்கள். திறப்புப் பத்திரம், திறப்புப் பத்திரம் என்று அம்மா சொன்னதைத் தவிர அந்தச் சாமானுக்கு எனக்கு வேறு பெயர் கிடையாது. சாவி என்பது படத்தில் வரும் சொல். படத்தில் கார் துரத்துகிறவர்கள் சாவி என்பார்கள், எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் திறப்பு என்பார்கள். அலுவலகக் கணினியை அடையாளம் காட்டும் அந்தக் கோப்பை டொச்சிலும் ஆங்கிலத்திலும் சாவி என்றுதான் சொல்கிறார்கள். அதை நான் என் வீட்டுத் தமிழில் சொன்னேன். அவர் அதைத் தன் வீட்டுத் தமிழில் கேட்டார். வாசலைத் திறந்தே வைத்தால்தான் நான் அலுவலகத்திலிருந்து உள்ளே போய் மிச்ச வேலையைச் செய்ய முடியும் என்று அவர் நினைத்திருக்கிறார். நினைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவர் நினைத்ததற்கும் அச்சொட்டாகப் பொருந்தியது.

நான் ஷ்லுசல் என்று டொச்சில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அவர் கீ என்று ஒரு தடவை கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. கேட்டிருந்தால் குழாய் கழுவியிருப்பார், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை நான் தனியாக யூலியாவின் அறைக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இரண்டு தமிழ், ஒரு சொல், இரண்டு பொருள். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து காட்டு என்று தன் கணினியை என் பக்கம் திருப்பினாள். மொழிபெயர்க்கும் இயந்திரத்தில் எழுதினேன். இயந்திரம் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் சொன்னது: ஒஃப்னுங். அதாவது திறந்திருப்பது. சாவி என்ற பொருள் அதில் இல்லவே இல்லை. மாநிலத்தில் முதலாவதாக வந்தவளின் தமிழ் அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

இயந்திரம் பிழை என்றேன். இருக்கலாம் என்றாள் யூலியா. நான் சொல்வதை நம்புவதாகவும் சொன்னாள். ஆனால் வாடிக்கையாளரின் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. மொழிக் குழப்பம் என்று எழுதினால், உங்கள் இந்தியருக்கு டொச் தெரியவில்லை என்றுதான் அவர்கள் வாசிப்பார்கள், அவரை இனி வைத்திருக்க முடியாது. அவள் விரலை மடக்கி மிச்சத்தையும் சொன்னாள். சாவியை வை என்று நீ சொல்லியிருந்தால், நீ சொன்னது சரி, அவர் செய்தது பிழை. திறந்து வை என்று நீ சொல்லியிருந்தால், நீ சொன்னது பிழை, அவர் செய்தது சரி.

"அப்படியென்றால், வேணுஜா," என்று டொச்சில் கேட்டாள், "நீ என்ன சொன்னாய்?"

நான் ஒன்பது வருடம் அங்கே வேலை செய்கிறவள். எனக்கு வேலை போகாது. அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும், கோப்பில் கிடக்கும், சம்பள உயர்வு கேட்கப் போனால் அது முதலில் எழுந்து நிற்கும். அவருடைய பரீட்சைக் காலத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணக்கு அவ்வளவு கஷ்டமானதில்லை. ஆனால் கதிரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கஷ்டமாக இருந்தது. வேலை பிழைத்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. யானைக்கும் அடி சறுக்கும். என் தமிழ் பிழை என்று, அதுவும் தமிழ் தெரியாத ஒருத்தியிடம், என் வாயால் சொல்லத்தான் கூசியது. அது சரியான சொல். என் தாயும் தகப்பனும் அவர்களுக்கு முந்தியவர்களும் அதைக் கொண்டு கதவு திறந்திருக்கிறார்கள்.

"ஒஃப்னுங்," என்றேன். "திறந்து வை என்று சொன்னேன்."

நான் பொய் சொல்வது யூலியாவுக்கு விளங்கியிருக்கும். விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுதினாள்: காரணம், பொறுப்பாளரின் பிழையான வாய்மொழிக் கட்டளை. நடவடிக்கை, எழுத்து மூல எச்சரிக்கை. இனிமேல் எல்லாக் கட்டளையும் டொச்சில் மட்டும். அச்சில் எடுத்து என்னிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். கட்டளையைப் பெற்றவர் என்று வாசுதேவனும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து, நின்றபடியே, உதடு அசைய வாசித்தார். டொச்சில் அவர் மெதுவாகத்தான் வாசிப்பார். மூன்றாவது வரியில் நின்றார். தாளை மேசையில் வைத்தார்.

"இது சரியில்லை," என்றார் டொச்சில், யூலியாவைப் பார்த்து. "வேணுஜா சொன்னது…" அதற்கு மேல் தேவையான சொல்லை அவர் தேடிக்கொண்டிருந்தார். ஷ்லுசல் என்ற அந்த ஒரு சொல் அவர் வாயில் வந்துவிட்டால் யூலியா அந்தத் தாளை மாற்றி எழுத வேண்டிவரும், எல்லாம் போச்சு.

"வாசு அண்ணை, ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றேன். "பிள்ளையை நினையுங்கோ. கையெழுத்தை வையுங்கோ."

"டொச்சில், தயவுசெய்து," என்றாள் யூலியா.

அவர் பேனாவை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார். யன்னலுக்கு வெளியே தளபாடக் கடையின் லொறி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு தன் முழுப் பெயரையும் தமிழ்நாட்டுக்காரர்கள் போடுவது போல இனிஷியலோடு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். யூலியா தாளை உறையில் போட்டாள். வாசுதேவனின் பரீட்சைக் காலம் முடிந்ததற்கான கடிதத்தை நாளைக்கே கொடுத்துவிடலாம், வெள்ளிவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றாள். நான் நன்றி சொன்னேன்.

எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தபடி படிக்கட்டுக்கு வந்தேன். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். காத்திருந்து நன்றி சொல்லப்போகிறார், நான் பெரிய மனுஷி மாதிரி, அதெல்லாம் ஒண்டுமில்லை அண்ணை என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வசனம்கூட எழுதிவிட்டேன்.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க," என்றார். நன்றி சொல்லும் குரலாக அது இல்லை. "அந்த வேலையைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவன் நான். வாசல் திறந்து கிடந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, திரும்பிப் போய் அடைச்சிரலாமான்னு யோசிச்சேன். பஸ் வந்திருச்சு. ஏறிட்டேன். அது என் தப்பு. அந்தத் தாள்ல அது இல்ல."

இல்லை, சொல் குழம்பியதுதான் காரணம், அதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"வார்த்தை குழம்பினது சரி. ஆனா எனக்குச் சந்தேகம் வந்துச்சே. மூணாவது தடவை கேட்க வாயெடுத்தேன். ஒரே ஒரு தடவை, சாவியா, போர்ட்டா, எதைச் சொல்றீங்கன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்." அவர் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க சிரிச்சீங்க. அதான் கேட்கல."

இத்தனை மாதமாக என்னோடு சேர்ந்து அவரும் சிரித்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கு முன்னால் வெட்கத்தில் என் காது சுட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அறைக் கதவு திறந்து யூலியா அந்த உறையோடு வந்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டு, அவளிடம் டொச்சில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தன் மேசைக்குப் போனார்.

அவர் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவருடைய மேசை என் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது. அன்று கேட்க வாயெடுத்த மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.